பிஞ்சு விரலுக்குப் பென்சில் விலங்கா?

சென்ற கிழமை காவிரிக் கரையிலே ஓர் ஊரில் கூட்டம். பேசி முடித்து இறங்கியபோது இரவு மணி ஒன்பதரை. தோழர் ஒருவர், "வீடு பக்கத்தில்தான், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். சென்றோம். வாசற்படியிலேயே அழுகுரல் நம்மை வரவேற்றது.

மூன்றரை வயதுச் சிறுவன். எதிரே விரித்து வைத்த நோட்டு. கையிலே பென்சில். கையிலே என்றா சொன்னோம்? பென்சிலை அவன் பிடித்திருக்கவில்லை. பென்சில்தான் அவனைப் பிடித்திருந்தது! ஐந்து விரலையும் மடக்கி, உலக்கையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான். அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தி, மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார் தாய். ஆங்கிலத்தின் முதலெழுத்து. நான்கு பக்கம் எழுத வேண்டுமாம். ஒரு பக்கம் முடிந்திருந்தது. அந்தப் பக்கமும் கண்ணீரில் ஊறி, பென்சில் முனை குத்திக் கிழிந்திருந்தது.

"என்னம்மா இது, இந்த நேரத்தில்?" என்றோம்.

"காலையிலே நோட்டைக் காட்டணும் அண்ணே. எழுதலேன்னா மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்புவாங்க. வகுப்பிலேயே இவன் ஒருத்தன்தான் கோணல் கோணலா எழுதறானாம்" என்றார். சொல்லும்போதே அவர் கண்ணும் கலங்கிவிட்டது. பிள்ளைக்கு நோட்டில் தண்டனை. தாய்க்கு ஊருக்கு முன்னால் தண்டனை!

கூடத்து மூலையிலே முறத்தை மடியில் வைத்து மறுநாள் குழம்புக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார் பாட்டி. "சாயங்காலம் எம் பக்கத்துல குந்திக்கிட்டு அரைப்படி மொச்சை உரிச்சான் தம்பி. அப்போ இந்தக் கை வலிக்கலே" என்றார், யாரையும் பாராமல்.

மேடையிலே ஒன்றரை மணி நேரம் நாம் பேசியதைவிட அந்த மூதாட்டி சொன்ன ஒரு சொல்லிலே விஷயம் அதிகம் இருந்தது. வரும் வழியெல்லாம் அதுதான் காதிலே ஒலித்தது. அரைப்படி மொச்சை உரித்தபோது வலிக்காத கை, அரைப் பக்கம் எழுதும்போது வலிப்பானேன்? பிடிவாதமா? சோம்பலா? பையனுக்குப் படிப்பு ஏறாது என்று மூன்றரை வயதிலேயே முத்திரை குத்திவிடலாமா?

குத்துகிறார்கள், தோழர்களே! நாள்தோறும் குத்துகிறார்கள். ஆகையினால்தான் இந்தப் பத்தியை இன்று ஆட்சி குறித்தோ தேர்தல் குறித்தோ எழுதாமல், பச்சிளம் பிள்ளையின் பத்து விரல் குறித்து எழுதுகிறோம். இதுவும் அரசியல்தான். எப்படி என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையிலே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். பற்றிக்கொள்ளும். அப்பன் என்று அறிந்து பற்றுகிறது என்று அப்பன் மகிழ்வான், மகிழட்டும், கெடுதலில்லை. ஆனால் அது அறிந்து பற்றும் பற்று அன்று, அனிச்சைச் செயல். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் அது மறைந்துபோகும். அது மறைய மறையத்தான், தானாக நினைத்து, தானாக நீட்டி, தானாக எடுக்கும் கை பிறக்கிறது. மூன்றாம் மாதத்திலே மூடிய விரல் விரியும். தன் கையைத் தானே வியந்து பார்க்கும். நான்கு ஐந்து மாதத்திலே கண்ட பொருளை எட்டிப் பிடிக்க வரும். ஆறு ஏழு மாதத்திலே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். அதுவரை உள்ளங்கையால் வாரி எடுத்த பிள்ளை, ஒன்பது பத்து மாதத்திலே கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்து, தரையிலே கிடக்கும் ஒரு சோற்றுப் பருக்கையைக் கிள்ளி எடுக்கும். வீட்டார் அதை 'குப்பையைப் பொறுக்குகிறது' என்பார்கள். மனித குலத்தின் மாபெரும் ஆற்றல் அன்றல்லவா அரங்கேறுகிறது! ஊசியில் நூல் கோத்ததும், உளி பிடித்து மாமல்லபுரத்துக் கல்லைச் சிலையாக்கியதும், அறுவை மருத்துவன் நரம்பைத் தைப்பதும் அந்த இரு விரல் சேர்ந்ததால் அல்லவா?

எடுப்பது ஒரு வித்தை என்றால், விடுவது இன்னொரு வித்தை. ஓராண்டு நிறையும் வேளையில்தான் 'இந்தா' என்று கேட்டால் கையைத் திறந்து கொடுக்கத் தெரியும். அதற்கு முன் கொடுக்க மறுப்பது கருமித்தனத்தாலன்று. விரலுக்கு விடத் தெரியாது, அவ்வளவுதான். (கொடுக்கத் தெரியாமல் எழுபது வயதிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் விரலிலே பழுதில்லை. அது வேறு கதை.) ஒன்றேகால் வயதிலே இரண்டு கட்டையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும், இரண்டு வயதிலே ஆறு. மூன்று வயதிலே பார்த்து ஒரு வட்டம் போடும். நான்கு வயதை ஒட்டிக் கூட்டல் குறி. அதன் பின்னர்தான் சதுரம். முக்கோணம் வரைய ஐந்து வயதாகும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

இங்கே நிறுத்திக் கேட்கிறோம். சாய்கோடு இரண்டு சேர்த்து ஒரு முக்கோணம் போடவே ஐந்து வயது ஆகும் என்றால், இரு சாய்கோடும் குறுக்கே ஒரு கோடும் கொண்ட அந்த ஆங்கில முதலெழுத்தை மூன்றரை வயதிலே நான்கு பக்கம் எழுதச் சொல்லும் அறிவாளி யார்? அவர் எந்த மருத்துவ நூலைப் படித்தார்?

மணிக்கட்டைக் கவனியுங்கள். அதிலே எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அந்த எட்டில் ஒன்றுகூட எலும்பாக முற்றியிருப்பதில்லை, எல்லாம் குருத்து. ஊடுகதிர்ப் படம் எடுத்தால் அங்கே வெற்றிடம்தான் தெரியும். ஒவ்வொன்றாக முற்றும். மூன்று வயதிலே ஏறக்குறைய மூன்று எலும்பு. எட்டாவது எலும்பு முற்றுவதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வயதாகும். எலும்பு முற்றியபின்தான் எழுத வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. அப்படிச் சொன்னால் அது தவறு. தசையும், நரம்பும், மூளையிலிருந்து விரலுக்கு ஓடும் கட்டளைப் பாதையும் சேர்ந்து முதிர வேண்டும் என்கிறோம். வளர்ச்சி தோளிலே தொடங்கி முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியாக விரல் நுனிக்கும் இறங்கி வருகிறது. அடித்தளம் போடுமுன் மாடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் அந்த ஆங்கிலப் பள்ளிக்காரர்கள்!

விரலுக்கும் அறிவுக்கும் என்ன உறவு என்று கேட்பாருண்டு. கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரிலே பென்பீல்டு என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்தூண்டலால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை ஆட்டுகிறது என்று குறித்தார். 1937-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். முதுகு எவ்வளவு அகலம்! அதற்கு மூளையிலே ஒரு சின்ன மூலை. கையும் விரலும் எவ்வளவு சிறிது! அவற்றுக்குப் பெரும் பரப்பு. கையை ஆட்டுவதற்கென்றே இத்தனை இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது மூளை. அந்த இடம் கை செய்யும் வேலையால்தான் செப்பமுறும். பிள்ளை களிமண்ணைப் பிசையும்போது பிசைவது மண்ணை மட்டுமா?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடவும் வழியில்லை. நம் முன்னோர் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை. அதிலே பருவம் பத்து. ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை: இரு கையையும் ஒரு முழங்காலையும் தரையிலே ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி: இரு கை சேர்த்துக் கொட்டுவது. பின்னர் சிற்றில், அதாவது மணல் வீடு. பெண்பாலுக்குக் கழங்கும் அம்மானையும், வீசிப் பிடிக்கும் விளையாட்டுகள். கடவுளரையும் காவலரையும் பாட்டுடைத் தலைவராக்கிப் பாடினார்களே தவிர, குப்பன் மகனுக்கும் கூலிக்காரி மகளுக்கும் பாடியவர் குறைவுதான். அதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் புலவன் கண் பார்த்தது உண்மையான குழந்தையை! உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல், இன்னும் தவழாத குழந்தையை விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது, விட்டு விட்டு, குப்புறக் கிடத்தி விளையாட விடுங்கள் என்றது. செங்கீரை ஆடவிடு என்று பொருள்! கையை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தும்போதுதான் தோளும் உள்ளங்கையும் உரம் பெறும்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தம் மக்கள் பிஞ்சுக் கையை விட்டுத் துழாவிய கஞ்சி அமிழ்தத்தைவிட இனிது என்றார். இன்றைய வீட்டில் என்ன நடக்கிறது? 'ஐயோ, சட்டையெல்லாம் பாழாக்குகிறான்' என்று இரண்டு வயதுப் பிள்ளையின் கையை ஒதுக்கிவிட்டு ஊட்டுகிறோம். கையிலே ஒரு செல்போனைக் கொடுத்து, கண்ணைக் கட்டி, வாயைத் திறக்க வைத்து ஊட்டுகிறோம். கண்ணாடிப் பலகையைத் தடவும் விரல் என்ன கற்கும்? அதிலே கனமில்லை, கரடில்லை, ஈரமில்லை, உருளையில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அதே 2019 அறிக்கை சொல்லுகிறது.

இப்போது சொல்லுகிறோம், இது எப்படி அரசியல் என்று.

இந்த நாட்டிலே கையால் வேலை செய்தவன் கீழ். கையில் மண் படாதவன் மேல். மண்ணைப் பிசைந்த குயவன் கீழ். நூலை இழைத்த நெசவாளி கீழ். தோலைத் தைத்தவன் அதற்கும் கீழ்! இந்தப் பாழும் பாடத்தை ஆயிரம் ஆண்டு கற்றுக் கற்று, இன்று நாமே நம் பிள்ளைக்குச் சொல்லுகிறோம்: 'மண்ணைத் தொடாதே! அழுக்கு! நீ என்ன கூலிக்காரன் பிள்ளையா?' கூலிக்காரனே சொல்லுகிறான் தன் பிள்ளையைப் பார்த்து! கையிலே பென்சில் ஏறிவிட்டால் கௌரவம் ஏறிவிட்டதாக நினைப்பு. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு உயர்வு என்ற கணக்கு. அவனைக் குறை கூற நமக்கு மனமில்லை. எழுத்து மறுக்கப்பட்டவன் எழுத்துக்குப் பறக்கிறான். அந்தப் பறப்பைக் காசாக்குகிறானே, அவனைத்தான் கேட்கிறோம்.

பள்ளிப் பலகையிலே 'மாண்டிசோரி' என்று பொன்னெழுத்து. யார் அந்த அம்மையார்? இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரத்துச் சான் லொரென்சோ என்ற ஏழைப் பாட்டாளிகள் குடியிருப்பிலே, பெற்றோர் வேலைக்குப் போனபின் தெருவிலே அலைந்த பிள்ளைகளுக்காகத் தம் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார், உலகப் போரினால் இங்கேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய இல்லத்திலே பிள்ளைகள் செய்தது என்ன? பொத்தான் போட்டார்கள். தண்ணீரைக் குவளையிலிருந்து குவளைக்கு ஊற்றினார்கள். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவினார்கள். கை தயாரானபின், நான்கைந்து வயதில் சிலர் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள் என்பதும் உண்மை, மறைக்கவில்லை. ஆனால் யாரும் கைமேல் கை வைத்து அழுத்தவில்லை! பாட்டாளியின் பிள்ளைக்குப் பிறந்த முறையின் பெயரைப் பலகையில் பொறித்து, பாட்டாளி எட்டிப் பார்க்க முடியாத கட்டணம் வாங்கிக்கொண்டு, உள்ளே அந்த முறைக்கு நேர்மாறாக நான்கு பக்கம் எழுதச் சொல்லுகிறார்கள் சிலர். என்னே வாணிபம்!

ஒரு நண்பர் குறுக்கே விழுந்து கேட்பார். அவர் முகம் நமக்குத் தெரிகிறது. "1953-இல் கைத்தொழிலைப் பள்ளியோடு சேர்த்தபோது எதிர்த்த கூட்டம்தானே நீங்கள்? இன்று கைக்கு வேலை கொடு என்கிறீர்களே!" என்பார். நல்ல கேள்வி. மறைக்காமல் விடை தருகிறோம். அன்று இராசகோபாலாச்சாரியார் ஆட்சி சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார் என்றது. அப்பன் சிரைத்தால் பிள்ளையும் கத்தி தீட்டு. அப்பன் வெளுத்தால் பிள்ளையும் துறைக்குப் போ! குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தோம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அங்கே கைக்கு வேலை தரவில்லை, கைக்குச் சாதி தந்தார்கள். நாம் இன்று கேட்பதோ, எந்தச் சாதிப் பிள்ளையானாலும், பண்ணையார் பேரனானாலும் பண்ணையாள் பேத்தியானாலும், ஐந்து வயது வரை எல்லார் விரலும் ஒரே மண்ணைப் பிசையட்டும் என்பது. அதற்குப் பிறகு அந்த விரல் பேனா பிடிக்குமா, வீணை மீட்டுமா, விமானம் ஓட்டுமா என்பது அந்தப் பிள்ளையின் பாடு.

பிஞ்சு விரலின் அருமை இந்த நாட்டுக்குத் தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் இருந்தார்கள். தீப்பெட்டி முதலாளிக்குத் தெரிந்தது! கம்பள முதலாளிக்குத் தெரிந்தது! சிறு விரல், சுறுசுறுப்பான விரல், நுண்ணிய முடிச்சைப் போடும் விரல் என்று பாராட்டியே வேலைக்கு வைத்தார்கள். சிவகாசி வட்டாரத்திலே பள்ளி வாசலைப் பாராத பிள்ளைகள் விடியுமுன் வண்டி ஏறி, தீக்குச்சி அடுக்கப் போனார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கிலே 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சுரண்ட வந்தவன் கண்ட அருமையைப் பெற்றவர்களும் கற்பிப்பவர்களும் காணவில்லையே என்றுதான் நெஞ்சு கொதிக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பணம் வேண்டுமா? வேண்டாம். பொம்மைக் கடைக்குப் போக வேண்டுமா? வேண்டாம். அடுப்படியே போதும்.

தாய்மார்களே என்று அழைக்க வாயெடுத்தோம், நிறுத்திக்கொண்டோம். ஏன் தாய்மாரை மட்டும் அழைக்க வேண்டும்? தந்தைமார்களே, உங்களையும் சேர்த்துத்தான்! கூட்டத்துக்கு வரத் தெரிந்த உங்களுக்குக் குழந்தையோடு குந்தத் தெரியாதா?

ஆறு மாதப் பிள்ளையின் முன்னே ஒரு கரண்டியும் ஒரு தட்டும் போடுங்கள். தட்டட்டும், காது வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்திலே குழைந்த சோற்றுப் பருக்கையும், வெந்த உருளைக்கிழங்குத் துணுக்கும், கனிந்த வாழைப்பழமும் தட்டில் வையுங்கள்; கிள்ளி உண்ணட்டும். ஒன்றரை வயதிலே டப்பாவும் மூடியும் கொடுத்தால் ஒரு மணி நேரம் வீடு அமைதி. இரண்டு வயதிலே சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை. உருட்டினால் பாம்பு, தட்டினால் தோசை, கிள்ளினால் எறும்பு! கொத்தமல்லித் தழை கிள்ளச் சொல்லுங்கள். காய்ந்த துணிக்கு மாட்டிய கிளிப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தக் கிளிப்பை அழுத்தும் இரு விரல்தான் நாளை பேனாவைப் பிடிக்கப் போகும் விரல். மூன்று வயதுக்கு மேல் பெரிய துளையுள்ள மணி கோக்கலாம், பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டலாம், வாசலில் ஈர மணலில் விரலால் கோடு இழுக்கலாம், தன் சட்டைப் பொத்தானைத் தானே போடலாம். பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டுமே! இந்தப் பத்து நிமிடத்தை நாம் பறித்துக்கொண்டுதான் பின்னால் 'எதற்கும் பக்குவமில்லை' என்று திட்டுகிறோம். நான்கு ஐந்து வயதிலே பல்லாங்குழி. சோழியை எண்ணி, குழிக்கு ஒன்றாக விட்டுப்போவதிலே விரலும் வேலை செய்யும், கணக்கும் வேலை செய்யும்.

ஓர் எச்சரிக்கை. இதை அழுத்திச் சொல்லுகிறோம். மூன்று வயது நிரம்பாத பிள்ளையின் வாய்தான் அதன் மூன்றாவது கை. முழு நிலக்கடலை, புளியங்கொட்டை, நாணயம், ஊதாத பலூன் எதுவும் எட்டக்கூடாது. மூச்சுக் குழாயை அடைக்கும். பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கிறதே பொத்தான் அளவு பாட்டரி, அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்த உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிள்ளை வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகே இருக்க வேண்டும். பாட்டி முறத்தோடு அமர்ந்திருந்தாரே, அப்படி!

இடது கைப் பிள்ளைக்கு ஒரு வழக்கு உண்டு, அதையும் பேசிவிடுகிறோம். பத்துப் பேரில் ஒருவருக்கு இடது கை முந்தும். அது இயற்கை. அதை 'பீச்சாங்கை' என்று பழித்து, தட்டி, சூடு வைப்பதாக மிரட்டி, வலது கைக்கு மாற்றுகிறார்கள். கையிலே என்ன சகுனம், என்ன அபசகுனம்? கறுப்புக் கயிறு கட்ட ஆளிருக்கிறது. பிள்ளை எந்தக் கையை நீட்டுகிறது என்று பார்க்க ஆளில்லை. மாற்றாதீர்கள். ஆனால் ஒன்று: ஓராண்டு நிறையுமுன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைத் தொங்கவிட்டால் அது கைப் பழக்கமன்று, மறு கையின் பலவீனமாக இருக்கலாம். நான்கு மாதம் கடந்தும் விரல் இறுக மூடியே இருந்தாலும், ஓராண்டாகியும் கிள்ளி எடுக்க வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே சொன்ன மாதக் கணக்கு பஞ்சாங்கம் அன்று. ஒரு பிள்ளை முந்தும், ஒரு பிள்ளை பிந்தும். காட்டுவதில் மட்டும் பிந்தக்கூடாது. 2013-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வந்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அங்கன்வாடி என்றதும் மூக்கைச் சுளிப்பவர் நம்மிலேயே உண்டு. 'அங்கே சோறுதான் போடுவார்கள், படிப்பு ஏது?' என்பார்கள். 1975 அக்டோபர் 2-இல் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்களாக விரிந்திருக்கிறது. பாடி, ஆடி, மண்ணில் உருவம் செய்து, வண்ணம் தீட்டிக் கற்பதற்கென்றே அங்கே பாடத் திட்டம் இருக்கிறது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அதற்குப் பெயர். நம் தெருவிலேயே நல்ல முறை இலவசமாகக் கிடக்க, கெட்ட முறையைக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி வாங்குகிறோம்! 2019-இல் 2,381 மையங்களிலே அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. பெற்றோர் கேட்கிறார்கள் என்பது அதற்கொரு காரணம். அங்கேயும் நான்கு பக்கம் புகுந்துவிடாமல் காப்பது யார் பொறுப்பு? ஒரே ஊழியர் எடை பார்த்து, பதிவேடு எழுதி, கணக்கு அனுப்பி, கூட்டத்துக்கும் போய்வந்தால் களிமண் உருட்ட நேரம் எங்கே? அவருக்கு வேலைச் சுமையைக் குறையுங்கள், மையத்துக்கு மண்ணும் மணலும் வண்ணமும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோலும் தடையில்லாமல் கொடுங்கள் என்று ஆள்வோரைக் கேட்கிறோம். யார் ஆண்டாலும் கேட்போம்.

அன்றிரவு இட்லி ஆறிவிட்டது. தோழரின் துணைவியார் நோட்டை மூடவும் துணியவில்லை, எழுதவைக்கவும் மனமில்லை. தோழர் நம்மைப் பார்த்தார். "தலைவர்கள் சொன்னால் கேட்பேன், மருத்துவர் சொன்னால் கேட்பேன், என் அம்மா சொன்னதைத்தான் இத்தனை நாளாகக் கேட்கவில்லை" என்றார். பென்சிலைப் பிள்ளையின் கையிலிருந்து மெல்ல எடுத்தார். எழுதாத மூன்று பக்கத்துக்கும் கீழே, பெற்றோர் கையெழுத்துக்கு விட்ட இடத்திலே தம் பெயரை எழுதினார். காலையில் பள்ளிக்குத் தாமே போவதாகச் சொன்னார்.

சிறுவன் அதற்குள் பாட்டியின் முறத்துக்கு அருகே போயிருந்தான். நாம் விடைபெற்று எழுந்தபோது, "மாமா!" என்று கூப்பிட்டு, நம் உள்ளங்கையிலே ஒரு மொச்சைப் பருப்பை வைத்தான். இரண்டு விரலால் எடுத்துத்தான் வைத்தான்.